வாளி வெந்நீர்

மேதபாவில் பேருந்து என்னை விட்டுப் போனது.
யாத்திரைக் கூட்டம், நாற்பத்திரண்டு பேர்.
தலை எண்ணியவர் தப்பாக எண்ணிவிட்டார்.
ஒலிவமரச் சிலுவைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன் நான்.

கைப்பேசியில் சார்ஜ் இல்லை. வாயில் அரபி இல்லை.
ரொட்டிக்கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.
எள் தூவிய ரொட்டி, புதினா போட்ட தேநீர்.
பணம் நீட்டினேன்;
என் விரல்களை அவரே மடித்து மூடினார்.
வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு
நேபோ மலைவரை வண்டி ஓட்டினார்.

மலைமேல் பாஸ்டர் ஜெபித்தார்.
அதோ கானான் என்று எல்லோரும் புழுதியைக் காட்டினார்கள்.
நான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலூர். பாபுராவ் தெரு. என் லாட்ஜ்.
கவுண்டருக்கு மேலே வசனக் காலண்டர்,
அதற்குக் கீழே
ஆள் வைத்து வங்க மொழியில் எழுதிய பலகை:
வெந்நீர் வாளி இருபது ரூபாய்.

ராத்திரி பதினொன்றுக்கு மொஃபிசுல் இறங்கி வந்தார்.
ராஜ்ஷாஹிக்காரர்.
விடிந்தால் மனைவிக்கு ஆபரேஷன்,
குளிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
சைகையில் வாளி, சைகையில் மனைவி,
மேசைமேல் கசங்கிய இருபது.

அவர் விரல்களை மடிக்கப் போனேன்.
பழக்கமில்லாத கை; சரியாக மடியவில்லை.
நோட்டு கீழே விழுந்தது.
இருவரும் குனிந்து தலை முட்டிக்கொண்டோம்.
அவர்தான் முதலில் சிரித்தார்.

வாடகையைக் குறைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
பலகையை மட்டும் கழற்றி
அடுப்படியில் சுவர் பார்க்கச் சாத்தியிருக்கிறேன்.
கேஸ் விலை ஏறினால் என்ன செய்வேன் என்று
இன்னும் காலண்டரைக் கேட்கவில்லை.