வியாழன் வரை

வெள்ளையா, சாம்பலா என்று கேட்கிறான் திதியே கனகி.
அவன் கேள்வி அவ்வளவுதான்.
என் கேள்வி எழுபத்தோராயிரம் யூரோ.

சேந்தாந்த்ரேயில் தொடங்கி சலாசி மேடுவரை
தினம் முப்பத்தொரு வாசல் எனக்கு.
ஊசி, கட்டு, சர்க்கரை அளவு, மறுபடி ஊசி.
பழைய ரெனோவின் பின்சீட்டில் பஞ்சும் கையுறையும்,
முன்சீட்டில் நேற்றைய வாழைப்பழத்தோல்.
இரண்டாம் கியர் விழாது. கெஞ்சினால் விழும்.
சாலைமேலேயே அருவி கொட்டும் இடத்தில்
கூரை ஓட்டை என் தோளைத் தொட்டுச் சொல்லும்:
பாதி வந்துவிட்டாய்.

சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன்.
ஏறி உட்கார்ந்ததும் என் இடுப்பு
எனக்கு முன்னால் முடிவெடுத்துவிட்டது.
இருக்கை முதுகைப் பிடித்துவிட்டது.
முப்பது வருடமாய் மற்றவர் முதுகைப் புரட்டிய முதுகு.
ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.
பேரம் என்று நினைத்துக்கொண்டான் திதியே;
தரைவிரிப்பை இலவசமாகத் தருகிறேன் என்றான்.

ராத்திரி கணக்குப் போட்டேன்
ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம்.
மின்சாரத்தில் மட்டும் அறுபது கிலோமீட்டர் போகுமாம்;
என் காலைச் சுற்று ஐம்பத்தெட்டு.
மேட்டில்? ஏசி போட்டால்?
திதியே தோளைக் குலுக்கியிருந்தான்.
இறங்கும்போது பிரேக்கில் கொஞ்சம் திரும்பி வருமாம்.
வாங்கியதில் கொஞ்சத்தை மலைகூடத் திருப்பித் தருகிறது,
வங்கியைக் கேட்டுப் பார்.

பாட்டரிக்கு எட்டு வருட உத்தரவாதம்.
என் முழங்காலுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

தீவைச் சுற்றி வந்தால் இருநூறு சொச்சம் கிலோமீட்டர்,
அதற்கு முன்னூறு குதிரையா என்கிறார் ரொசேர்,
மீன் பிடிக்க நடந்தே போகிறவர்.
சேன்தெனி நுழைவில் தினமும் எல்லாக் குதிரைகளும்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நிற்கின்றன, உண்மைதான்.

அறுபது தவணை. அதாவது ஐந்து வருடம்.
கப்பலில் வந்த என் பூட்டனுக்கும்
ஒப்பந்தம் ஐந்து வருடம்தான்,
கரும்பு வெட்ட. அவன் கைநாட்டு, நான் கையெழுத்து.
அறுவடை மாதங்களில் அந்தக் கரும்பின் சக்கைதான்
இங்கே மின்சாரமாகி என் சுவர்வரை வருகிறது.
ஒப்பிடாதே, என்கிறார் ரொசேர்.
ஒப்பிடவில்லை. எண்ணினேன்.

எல்-பூருக்கு மேலே கடைசி வாசல், ஒக்தாவ் வேலாயுதம்.
ஐம்பத்து நாலு வயது. சர்க்கரை கண்ணை எடுத்து
இரண்டு வருடமாகிறது.
என் சைலன்சர் வளைவில் இருமினால்
காபிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவார்;
நான் செருப்பைக் கழற்றும்போது கொதி வந்திருக்கும்.
புதிய காரை அங்கேதான் ஓட்டிப் போனேன்.
நிறுத்தி, படியேறி, பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.
கையிலிருந்த கரண்டி விழுந்தது.
யார்? என்றார். பிறகு கோபமாக,
ஏன் இப்படித் திருடி மாதிரி வருகிறாய்.
அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

கோபம் தணிந்ததும் காரைத் தடவிப் பார்த்தார்,
விளக்கிலிருந்து விளக்குவரை,
இதைச் சுற்றி வருவதற்குள் மறுபடி பசிக்கும் என்றார்.
ஹார்னை அடி, கேட்போம்.
அடித்தேன்.
பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்து நாய்கூடக் குரைத்தது.

சீட்டில் இதை எந்தப் பக்கம் எழுத?

பூசைக்குச் சக்கரத்துக்கு ஒன்றாய் நாலு எலுமிச்சை வேண்டும்.
எங்கள் மரத்தில் ஆறு இருக்கின்றன, எல்லாம் பொடிசு.
அந்த டயர் ஏறினால் நசுங்கியதுகூடத் தெரியாது.

திதியே மறுபடி அழைக்கிறான்.
வியாழன் வரை பொறு, என்றேன்.
போனை வைத்துவிட்டு,
இருட்டில் இறங்கிப் போய்
ரெனோவின் முன்சீட்டிலிருந்த தோலை எடுத்துப் போட்டேன்.