ஆறு மணிக்குத் திரும்ப வேண்டிய கிரேன்

வாடகைக் கிரேனின் கழுத்தில் ஒரு சீட்டு:
ஞாயிறு மாலை ஆறுக்குள்.

காருக்கு என் தம்பியின் வயது.
சிவப்பு வோல்வோ. தமுலா ஏரிக்கரைப் பனியில்
மூன்று குளிர்காலமாக இருமிக்கொண்டிருந்தது.
இன்ஜினை இறக்கினால்தான் தெரியும் என்ற மெக்கானிக்
அதற்குக் கேட்ட கூலியில்
வோரு நகரத்தில் இதே மாதிரி இன்னொன்று வாங்கலாம்.

நான் பல் மருத்துவருக்கு இடுக்கி எடுத்துத் தருகிறவள்.
பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன்,
யாரும் பல்லை இழுப்பதில்லை. அசைப்பார்கள்.
பிடித்திருப்பதெல்லாம் ஒவ்வொன்றாய் விடும்வரை
அசைப்பார்கள்.
அந்தத் தைரியத்தில்தான் பானட்டைக் கழற்றினேன்.

முதலில் கூலண்ட் வந்தது,
பச்சையாக, பாதி வாளிக்குள், பாதி என் சட்டைக் கைக்குள்.
பிறகு ரேடியேட்டர்.
பிறகு ஹோஸ்கள், பேருந்து கிளம்பிய பிறகும்
ஜன்னல் கம்பியை விடாத கை மாதிரி.
ஒவ்வொரு ஒயருக்கும் பெயர் எழுதி
கிளினிக் பிளாஸ்திரி ஒட்டினாள் மாரிக்கா.
(வரவேற்பு மேசையில் இருப்பவள். கையெழுத்து அழகு.)
முதல் இருபது பெயர்கள் சரியாக இருந்தன.
அதற்கப்புறம்
'மெல்லியது', 'இன்னொரு மெல்லியது',
'இது என்னவென்று ஊர்வேயைக் கேள்'.
ஊர்வே நான்தான்.

கியர்பாக்ஸின் உச்சந்தலையில் ஒரு போல்ட்.
கண்ணுக்குத் தெரிந்தால் கைக்கு எட்டாது,
கைக்கு எட்டினால் கண்ணுக்குத் தெரியாது.
சனிக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று.
மூன்று நீட்டுக்கம்பிகளைக் கோத்து
அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு
அதைச் சொல்லக்கூடாத பெயர்களால் கூப்பிட்டேன்.
அது திரும்பிய சத்தம்
கடைவாய்ப் பல்லின் வேர் விடும்போது
மண்டைக்குள் ஒன்று கேட்குமே,
அதுவேதான்.

ஞாயிறு, மதியம் மூன்று.
சங்கிலி இறுகியது. நெம்புகோலை அழுத்த அழுத்த
இன்ஜின் எழுந்தது.
வருது, வருது என்றேன்.
'ஊர்வே,' என்றாள் மாரிக்கா, மிக மெதுவாக,
'காரும் வருது.'

முன் சக்கரங்கள் தரையை விட்டிருந்தன.
ஒரு மவுன்ட்டின் நட்டை மறந்திருக்கிறேன்.
ஸ்டியரிங் பக்கம், இருட்டில்,
யாரும் போகச் சொல்லாததால்
அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தது.

இறக்கினோம். கழற்றினோம். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு
மறுபடி ஏற்றினோம்.
சுமை போன முன் ஸ்பிரிங்குகள்
ஒரு சாண் நிமிர்ந்தன.
இரண்டு விளக்குகளும் கொட்டகை உத்தரத்தைப் பார்த்தன,
அங்கே சிலந்தி வலை இருப்பது
இப்போதுதான் தெரிந்தது போல.

கிரேனை உருட்டலாமென்றால்
குட்டிச் சக்கரங்கள் சரளைக்கல்லில் புதைந்தன.
உதைத்தோம். பலகை போட்டோம். பலகை உடைந்தது.
பிறகு மாரிக்கா ஹேண்ட்பிரேக்கை விட்டாள்.
தோள் கொடுத்துக் காரைப் பின்னுக்குத் தள்ளினோம்.

இன்ஜின் நகரவேயில்லை.
லேசாக ஆடிக்கொண்டு அங்கேயே தொங்கியது.
கார்தான் அதைக் கழற்றிவிட்டு
வெளியே போயிற்று.

காலியான குழியில் எட்டிப் பார்த்தேன்.
எலி கொறித்த ஹேசல் கொட்டைகள்,
துருவேறிய பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று.
என்னுடையது அல்ல.
எனக்கு முன்னால் எவரோ இங்கே கையை விட்டு,
தவறவிட்டு, தேடி, திட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மணி ஐந்து இருபது.
'இதை எங்கே வைக்கிறது?' என்றாள் மாரிக்கா.

எடுப்பதைப் பற்றி ஒரு மாதம் படித்திருக்கிறேன்.
வைப்பதைப் பற்றி
ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.
இருநூறு கிலோ, சங்கிலியில்,
எங்கள் இருவரின் முகத்துக்கு நேராக.

கடைசியில் அதே காரின் பனிக்கால டயரை
உருட்டி வந்து அடியில் போட்டோம்.
வால்வைத் திறந்ததும்
சேவலைக் கவிழ்த்த கூடை மாதிரி இல்லை,
குளிக்கப் பயந்த பிள்ளை தொட்டியில் உட்கார்வது போல
அங்குலம் அங்குலமாக உட்கார்ந்தது.
கொஞ்சம் எண்ணெய் விட்டது. அவ்வளவுதான்.

கிரேனை மடித்து டிரெய்லரில் ஏற்றும்போது
மாரிக்காவைக் காணோம்.
திரும்பிப் பார்த்தேன்.
மிச்சமிருந்த கடைசிப் பிளாஸ்திரியைக் கிழித்து
அதன் தலையில் ஒட்டி
அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்:
'இன்ஜின்'.