ரிட்டர்ன் சவாரி

காட்பாடி ஸ்டேஷன் வாசலில்
ஹவுரா வண்டி இறக்கிவிட்ட முகங்களைப் பார்த்து
"ஆஷுன், ஆஷுன்" என்று கூவியவன் நான்.
கையில் ஸ்கேன் கவர் இருந்தால்
பத்து ரூபாய் குறைத்துக்கொள்வேன்.
எப்போதும் இல்லை. பெரும்பாலும்.

முதல் கட்டியை டாக்டர் காட்டினார்.
இரண்டாவதை நானே பார்த்தேன்,
கிரீன் சர்க்கிள் சிக்னலில், பக்கக் கண்ணாடியில்,
காலருக்கு மேலே கொட்டைப்பாக்கு அளவில்.
பின்னால் ஐந்து பேர்.
பச்சை விழுந்தது. ஓட்டினேன்.

ஆறு சைக்கிள் முடித்தவனுக்கு
மறுபடியும் மூன்று சைக்கிள்.
யார் வைத்த பெயரோ,
படுத்த கட்டிலைவிட்டு நகராத சைக்கிள்.

பிறகு ரத்தத்தை ஒரு மெஷினுக்குள் சுற்றவிட்டு
நாலு மணி நேரம் என்னிலிருந்து என்னைப் பொறுக்கினார்கள்.
உறையவைத்த டப்பாவில் சீட்டு ஒட்டினார்கள்:
ம. குணசீலன், 24.
அதற்கும் முன்பு இன்னொரு டப்பா,
கதவு சாத்திய சிறு அறையில்.
"பின்னாடி குழந்தை வேணும்னு தோணும்" என்றார்கள்.
இன்னும் பெண்ணே பார்க்கலையே சார்.

பெரிய மருந்து ஏறிய அன்று
வாய் புண்ணாகாமலிருக்க ஐஸ் கடிக்கச் சொன்னார்கள்.
மே மாத வேலூரில்
பல் கிட்டிப்போனவன் நான் ஒருவன்தான்.

பூஜ்ஜியம் நாள்.
தக்காளி ரசம் நிறத்தில் ஒரு பை வந்தது.
ஏற ஏற அறை முழுக்கப் பூண்டு நெடி.
"இன்னாடா, இங்க யாரு ரசம் வெச்சது?"
மாஸ்க்குக்குள்ளிருந்து மச்சான்.
போனவர்களே திரும்பி வருகிற ரிட்டர்ன் சவாரி.
தெரு மறந்தவர்கள்போலத் தயங்கி
எலும்பைத் தேடிப் போனார்கள்.

ஷேர் ஆட்டோக்காரனுக்குத் தெரியாத காத்திருப்பா?
"இன்னும் ரெண்டு பேர், கிளம்பிடலாம்" என்று
எத்தனை பேரை வெயிலில் வேகவைத்திருப்பேன்.
வெள்ளணு பூஜ்ஜியம். மறுநாளும்.
ஐந்நூறு ஏறினால்தான் வண்டி எடுப்பார்களாம்.
ஒன்பதாம் நாள் எழுபது.
பத்தாம் நாள் நாற்பது.
முப்பது பேர் எந்த ஸ்டாப்பில் இறங்கினார்கள்?

பக்கத்து அறை மௌஷுமி, மால்டாக்காரி, பத்தொன்பது வயசு.
நேற்றிலிருந்து அங்கே விளக்கில்லை.
வீட்டுக்குப் போய்விட்டாளா என்றேன்.
நர்ஸ் எனக்கு ஜுரம் பார்த்தாள்.

பாலாற்றுப் பாலத்தில் எல்லோரும் கேட்பார்கள்,
"ஆர் கொதோ தூர்?"
இன்னும் எவ்வளவு தூரம்.
மணலைப் பார்த்தபடி சொல்வேன்,
"ஆர் ஏக்டு." இன்னும் கொஞ்சம்.
ராத்திரி மூன்று மணிக்கு
நர்ஸிடம் அதையே கேட்டிருக்கிறேன்.
கோட்டயத்துக்காரிக்கு வங்காளம் தெரியாது.
பையை மாற்றினாள்,
போர்வையைப் பாதம்வரை இழுத்துவிட்டுப் போனாள்.