பெரட்டு, இரவு பதினொன்றரை

பீடோங்கில், செம்பனை ஆலை எடைமேடைக்குப் பின்னறையில்
என் கணினி ஒரு சுவருக்குள் இருக்கிறது.
கூலாயில் உன்னுடையது இன்னொரு சுவருக்குள்.
இரண்டுக்கும் சொந்தமாக வெளி எண் கிடையாது.
லயத்துக்கே ஒரு தபால் பெட்டி மாதிரி
நாற்பது கருவிக்கு ஒரே முகவரி.

மாதம் இருபது வெள்ளி வாடகைக்கு
எங்கோ ஒரு கிராணி உட்கார்ந்திருக்கிறான்.
ஆள் இல்லை, இயந்திரம்.
அவனிடம்தான் முதலில் பெயர் கொடுக்க வேண்டும்.
நான் வந்த வழியைப் பார்த்து
என் முகவரியை அவன் எனக்கே சொல்கிறான்:
வெளியே நீ இப்படித்தான் தெரிகிறாய்.
இத்தனை வயதில் யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை, குணசீலா.

நீயும் பெயர் கொடுத்துவிட்டாய்.
பெரட்டு முடிந்தது.
உன் எண்ணை என்னிடமும் என்னுடையதை உன்னிடமும் தந்துவிட்டு
அவன் ஒதுங்கிக்கொள்கிறான்.
ஒரு குலைக் கணக்குகூட அவன் கைக்குப் போகாது.

இனி நான் ஒரு பொட்டலம் அனுப்புவேன்.
யாரென்று தெரியாமல் உன் சுவர் அதை வீசிவிடும்.
வீசட்டும்.
போகும் வழியில் அது என் சுவரில்
நீ நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டுப் போயிருக்கும்.
கதவு திறப்பது உன் பக்கம் இல்லை, என் பக்கம்.
ஆனால் அதே நேரத்தில்
நீயும் ஒன்றைத் தொலைக்க வேண்டும்.

சங்கக் கூட்டத்தில்
நாற்காலியை உதைத்துவிட்டுப் போனவன் நீ.
முதலில் அவன் கூப்பிடட்டும் என்று
இரண்டு வருஷம், இருவருமே.
நல்ல சுவர்கள்.

முதல் பொட்டலம் போனது.
இரண்டாவதும்.
பிறகு திரையில் ஒரு வரி:
கைகுலுக்கல், எட்டு விநாடிகளுக்கு முன்.

லோரி எண், எடை, பழுக்காத குலைக் கழிவு
எல்லாம் உன்னிடம் வந்துகொண்டிருக்கின்றன.
இடையில் இருபத்தைந்து விநாடிக்கு ஒரு தடவை
ஒன்றுமே இல்லாத பொட்டலம் ஒன்று,
துளை தூர்ந்துவிடாமல் இருக்க.

மழையில் கரண்ட் போய் வந்தது. என் எண் மாறிவிட்டது.
மறுபடி கிராணி, மறுபடி பெயர்.
சாவி பழையதுதான்.
உன் கணினி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த வெறும் பொட்டலத்தில்
ஒரு வார்த்தை வைக்க இடம் உண்டா என்று பார்த்தேன்.
இல்லை.
மேடையில் கடைசி லோரி ஏறி நிற்கிறது.
பதினோரு டன் நானூறு.
குறிப்பு என்ற கட்டம் எப்போதும் காலியாகத்தான் போகும்.
அதில் தட்டினேன்:
நாற்காலிக்குக் கால் போட்டாச்சு.