நான்கு ஆணித் துளைகள்

ஹூசும் தாண்டி, கடலணைக்கு இந்தப் பக்கம்
ஒரு பண்ணைக் கொட்டகை.
இங்கே மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வருகிறது.
இழுகதவைத் தோளால் தாங்கியபடி
ஹைக்கே லோரென்ட்சன் சொல்கிறாள்:
மாடல் எனக்குத் தெரியாது.
என் முன்னாள் புருஷன் இதைக் குண்டு என்று கூப்பிடுவான்.

குண்டு நிற்கிறது.
மூக்கில் பென்ஸ் நட்சத்திரம்.

அதை நம்பாதை, என்கிறான் நிமலரூபன்.
மூக்கு ஒரு தொழிற்சாலை, முதுகு இன்னொன்று.
எஞ்சின் செய்தவன் வீடு கட்டேல்லை.
வீடு கட்டினவன் தன்ரை பேரை
கதவுக்கு மேலை தகட்டிலை அடிச்சிருப்பான்.

கதவுக்கு மேலே
நான்கு ஆணித் துளைகள்.
நடுவில், வெயில் படாத
தீப்பெட்டி அளவு வெள்ளை.

ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாதாம்.
இந்த வானுக்கு அந்தச் சலுகை கிடையாது.
முன்கண்ணாடி ரப்பர் பாளம் பாளமாய் வெடித்திருக்கிறது.
புதிது கேட்டால் கடைக்காரன் முதலில் கேட்பான்:
எந்த மாடல், எந்த ஆண்டு?
வெள்ளை, பெரிசு, கொஞ்சம் சோகமாய் இருக்கும்
என்றால் ஃபோனை வைத்துவிடுவான்.

ஆகவே தேடுகிறோம்.
அவன் ஈரச் சரளையில் மல்லாந்து உள்ளே போகிறான்.
கம்பி பிரஷ்ஷின் சத்தம்.
டோர்ச்சை இங்காலை பிடி.
மூன்றோ எட்டோ, துரு ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது.
நான் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து
எட்டு என்கிறேன்.
எட்டெண்டு நினைச்சுப் பாத்தா எட்டுத்தான், என்கிறது
சில்லுக்குப் பின்னாலிருந்து குரல்.

புத்தகத்தில் எழுபத்தெட்டு.
பக்கக் கண்ணாடியின் மூலையில்
நகக்கண் அளவு முத்திரை: எண்பத்து நான்கு.
பின் லைற்றுகள் ஏதோ மாட்டு ட்ரெய்லரில் இருந்து வந்தவை.
குளிர்ப்பெட்டி டச்சு பேசுகிறது.
கரண்டி லாச்சியைக் கழற்றிக் கவிழ்த்தால்
அடியில் பென்சில் எழுத்து: இடது, 14.
யாரோ ஒரு தச்சன், ஒரு திங்கட்கிழமை,
பதின்மூன்றை முடித்துவிட்டு எழுதியிருக்கிறான்.
பதினைந்தாவது எங்கே நிற்கிறதோ.

ஹைக்கே புத்தகத்தை வாங்கி மூக்கருகில் பிடிக்கிறாள்.
முதற்பதிவு, சனவரி ஒன்று.
சிரிப்பு வருகிறது அவளுக்கு.
புத்தாண்டு அன்று எந்த அலுவலகம் திறந்திருந்தது?

நான் சிரிக்கவில்லை.
என் கடவுச்சீட்டிலும் அதே சனவரி ஒன்று.
அம்மா சொன்னது ஐப்பசி, அடைமழை,
லாம்பில் எண்ணெய் இல்லை.
டோர்ட்மண்டில் அதிகாரிக்கு அது
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
பேனா மூடியைக் கடித்தார், எழுதினார்,
அடுத்தவரைக் கூப்பிட்டார்.
வருடா வருடம் பல் வைத்தியர் எனக்கு
வாழ்த்து அட்டை அனுப்புகிறார்,
பட்டாசுக் குப்பை கூட்டும் நாளில்.

வானுக்கடியில் பிரஷ் நின்றது.
பிறகு திரும்ப உரசத் தொடங்கியது.

ஹைக்கே வீட்டுக்குள் ஓடிப்போய்
ஒரு பிஸ்கற் டின்னோடு வருகிறாள்.
பியூஸ்கள், மூடியில்லாத ஒரு மூடி,
எந்தப் பூட்டுக்கும் சேராத திறப்பு,
கீழே, ஐயோ, தகடு.
அலுமினியம். பெயர் பளிச்சென்று.
மூன்று பேரும் கதவருகே முட்டுகிறோம்.
நிமலரூபன் எக்கி வைத்துப் பார்க்கிறான்.

தகட்டில் இரண்டே துளைகள்.

அதையும் சேர்த்துத்தான் விலை, என்கிறாள்,
முகத்தில் ஒன்றும் அசையாமல்.
துளைக்கு நூறு குறையுங்கள், என்கிறேன்.
எந்தத் துளைக்கு? என்று அவள்.
காற்று கதவை ஒருமுறை தூக்கிப் போட்டது.
முந்நூறில் முடிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

முற்பணப் பற்றுச்சீட்டில் மாடல் என்ற கோடு
வெறுமையாகவே இருக்கிறது.
நிமலரூபன் பேனாக்கத்தியை விரித்து
கண்ணாடியின் கீழ் மூலையில்
கிடந்தபடி தொங்கிய ரப்பரில்
விரலிடை அளவு துண்டு ஒன்றை வெட்டி எடுத்தான்.
வெட்டிய முகத்தில் ஒரு வடிவம்:
உதடு, பள்ளம், சின்ன நாக்கு.
கடைக்காரனுக்கு இதைக் காட்டுவம், என்றான்.
என் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.
வழி முழுக்க
பழைய ரயர் வாசனை.