மீதி

ஓமலூர் ரோட்டுக் கல்லூரியில்
எனக்கு வேலை, மீதியை எடைபோடுவது.
காலை ஏழு மணி.
நாற்பது கூண்டு, நாற்பது கிண்ணம்.
நேற்று வைத்ததில் இன்று கிடப்பதைக் கழித்தால்
தின்றது தெரிந்துவிடும்.
ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு நான்கு கிராம்,
கூடிப்போனால் நாலரை.
அதற்கு மேல் வேண்டாமென்று
அதனிடம் யார் சொல்கிறார்கள்?

தில்ஷாத் மேடம் சொன்னார்:
கொழுப்பு கடிதம் எழுதும், ரத்தத்தில் போடும்.
மூளையின் அடித்தட்டில்
கடுகுக்கும் சின்ன ஓர் இடம்
பிரித்துப் படிக்கும்.
'கையிருப்பு இருக்கிறது, நிறுத்து.'
காலி இரைப்பை வேறொன்று எழுதும்.
'கொண்டு வா.'
லெப்டின், கிரெலின் என்று பலகையில் எழுதினார்.
ஒரே வீட்டு ஓரகத்திகள் பெயர் போலிருந்தது எனக்கு.

இருபத்தொன்பதாம் கூண்டுக்கு
நிறுத்து என்று எழுத வராது.
பிறவியிலேயே ஓரெழுத்துப் பிழை.
ஏழு கிராம் வைத்தால் ஏழும் போகும்.
அறுபத்தைந்து கிராம் உடம்பு,
மரத்தூளில் சப்பி எறிந்த மாங்கொட்டை போல
போட்ட இடத்தில் கிடக்கும்.
அத்தனை கொழுப்புக்கும் அடியில்
மூளை மட்டும்
பஞ்சத்தில் இருக்கிறது என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
கன்னங்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில்
சத்துணவு வரிசையில் மூன்றாம் முறையும்
தட்டு நீட்டுவாள் பூங்காவனம்.
தின்னிப்பண்டாரம் என்போம்,
நான்தான் முதலில் ஆரம்பித்தேன்.
அவளுக்கு எந்தக் கடிதம் வந்ததோ,
எது வராமல் போனதோ.

எழுத வராததை
ஊசியில் எழுதிப் போட்டார்கள்.
முதல் நாள் மீதி இல்லை. இரண்டாம் நாளும்.
நான்காம் நாள் கிண்ணத்தில்
இரண்டு துண்டு தீனி.
தராசு ஒன்று புள்ளி எட்டு என்றது.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
ஒன்று புள்ளி எட்டு.
எலியோ முதுகைக் காட்டிக்கொண்டு
மீசையைக் கழுவிக்கொண்டிருந்தது,
சாப்பாடு எங்கே போய்விடும் என்பதுபோல.

சாயங்காலம் அஞ்சு ரோட்டில் தட்டுவடை செட்.
பீட்ரூட் சாயம் விரலில்.
'இன்னொண்ணு வெக்கட்டுமாக்கா?'
'போதும்' என்றேன்,
யோசிக்கும் முன்பே.
சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.
தூரத்தில் ஏற்காட்டு மலையில்
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி
விளக்குகள் மறைந்து மறைந்து ஏறின.

மருந்துக் குப்பி பதினாலு நாளுக்குத்தான்.
அடுத்ததற்குப் பணம் வரவில்லை.
மேடம் எலிகளைப் பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

இன்று சாவிக்கொத்து குலுங்கும் முன்பே
நாற்பதும் கம்பிக்கு வந்துவிட்டன.
என் வருகை
அவற்றின் வயிற்றுக்கு முன்கூட்டித் தெரியும்.
இருபத்தொன்பது கடைசியாக,
இழுத்துக்கொண்டு.
நக்கியதில் பளபளத்தது கிண்ணம்.

நோட்டில் மீதி என்ற கட்டத்தில்
பூஜ்ஜியத்தை
கொஞ்சம் சின்னதாகப் போட்டேன்.