மிச்சம் இருபத்தெட்டு

நூற்றெண்பதில் தொண்ணூறு.
விசா வேண்டாம், பாஸ்போர்ட் போதும்.
ஆனால் எந்தத் தேதியில் நின்று திரும்பிப் பார்த்தாலும்
பின்னால் கிடக்கும் நூற்றெண்பது நாட்களில்
தொண்ணூறுக்கு மேல் அவள் இங்கே இருந்திருக்கக் கூடாது.
வருகிற நாளும் ஒன்று, போகிற நாளும் ஒன்று.
பாதி நாள் என்று சட்டத்தில் எதுவும் இல்லை.
காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறினாலும்
முழு நாளையும் வெட்டிக்கொள்கிறார்கள்.

தெசாங்கா நீஷ் நகரத்துக்காரி.
முப்பது வருடம் தொழிற்சாலையில்
மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றியவள்;
சுற்றுகள் தப்பாது.
நான் ட்ரியெஸ்தேயில்
டிராம் பிரேக்குகளைச் சரிபார்த்து ஓய்ந்தவன்.
அவள் வந்ததும் கண்ணாடி ஜாடியில்
தொண்ணூறு பீன்ஸ் விதை போடுவோம்.
தினம் ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் வைப்பாள்.
கடைசி இரவில் கிண்ணத்து விதைகள்தான் சூப்.
எண்ணிச் சுட்ட பணியாரம்,
அதையும் இருவரும் பிட்டுத் தின்றோம்.

ஒன்று கவனித்தோம், தாமதமாக.
இரண்டு நூற்றெண்பது சேர்ந்தால் முந்நூற்றறுபதுதான்.
வருடத்துக்கு ஐந்து நாள் நழுவுகிறது.
முதல் வருடம் பிப்ரவரியில் வந்தவள்
ஆறாம் வருடம் ஜனவரி பிறந்ததுமே வந்து நின்றாள்.
போரா காற்று குடையைப் பிடுங்குவது தெரியும் அவளுக்கு.
கோடையில் கடல் பித்தளையாவது தெரியும்.
என் கொல்லைப் பெர்சிமன் பழுப்பது மட்டும் தெரியாது.
அது நவம்பர்க்காரன்.
முதல் வருடம் அக்டோபர் முடியும்வரை இருந்தாள்,
காய் மஞ்சள் தட்டியிருந்தது.
அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றோம்.
அடுத்த முறை ஐந்து நாள் முன்னதாகவே கிளம்பினாள்.
அதற்கடுத்த முறை இன்னும் ஐந்து.

இப்படியே போனால்
மறுபக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு
பத்து வருடத்தில் நவம்பருக்கு வந்து சேரலாம்.
எனக்கு எழுபத்து மூன்று.

அயல்நாட்டவர் அலுவலகத்துக்குப் போனோம்.
நீட்டிக்க வழி உண்டா?
உண்டு, என்றாள் அதிகாரி.
வெள்ளம். பறக்காத விமானம். போர்.
படுத்த படுக்கை, டாக்டர் கடிதத்தோடு.
உங்கள் காரணம்?
பெர்சிமன், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
படிவத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்,
அதற்கும் கட்டம் இருக்குமோ என்பதுபோல.
கல்யாணம் செய்துகொள்ளலாமே, என்றாள்,
மருந்துக்கடைக்கு வழி சொல்லும் குரலில்.
தெசாங்கா பதில் சொன்னாள்:
ஒருமுறை செய்துகொண்டேன், போதும்.
அங்கே எனக்கு வீடு இருக்கிறது,
வாடகை தராத பூனை இருக்கிறது.
எனக்கு வேண்டியது இந்த நாடு இல்லை, அம்மா.
நவம்பர்.

திரும்பும் வழியில் அவள் பேசவில்லை.
விரல்கள் மட்டும் மடியில்
இல்லாத கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தன.
அறுபத்திரண்டாம் நாள் பெட்டியைக் கட்டினாள்.
என்ன கோபம், என்றேன்.
கோபமா? கணக்கு, என்றாள்.
நீட்டித்தானே தரமாட்டார்கள்?
வெட்டிக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும்?

நான் ஏற்கவில்லை.
செப்டம்பரின் மிக நல்ல வாரங்கள்,
அத்தியும் மத்தி மீனும் மலிந்த நேரம்,
என்று ஏதேதோ சொன்னேன்.
கையிலிருக்கும் நாளை
யாராவது விட்டுவிட்டுப் போவார்களா, என்று
பேருந்து நிலையத்தில் குரலும் உயர்த்தினேன்.
நீஷ்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.
அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.
ஓட்டுநர் கதவை மூடினார்.

முந்தைய இரவின் சூப்
அறுபத்திரண்டு விதையில் நீர்த்துத்தான் இருந்தது.
ஜாடியை அவளே இறுக்கி மூடிவிட்டுப் போயிருந்தாள்.
கொல்லையில் ஒரு காயைப் பறித்துக் கடித்தேன்.
நாக்கு முழுக்கத் துவர்த்துச் சுருண்டது.
உள்ளே வந்து ஜாடியைக் கவிழ்த்து எண்ணினேன்.
இருபத்தேழு.
மறுபடி எண்ணினேன்.
இருபத்தேழு.

அடுப்புக்கு அடியில்
டார்ச்சோடு மண்டியிட்டிருக்கிறேன்,
முட்டி வலிக்க,
ஒரு நாளைத் தேடிக்கொண்டு.